பழைய பேப்பர் கடைக்காரர் வாங்காதவை

காலிக் கண்ணாடிப் பாட்டிலுக்கு வண்ணம் பூசி, கழுத்தில் சணல் கயிறு சுற்றி, இரண்டு களிமண் பூக்களை ஒட்டி வரவேற்பறை அலமாரியில் வைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் தொடங்கி யூடியூப் சேனல்கள் வரை, வீட்டுக் குப்பையை மறுபடி பயன்படுத்துவது என்றாலே முதலில் வந்து நிற்பது இந்தப் பாட்டில்தான். பார்க்க அழகு, செய்யப் பொழுதும் போகும். ஆனால் குப்பைக் கணக்கில் அது நட்டம். கழுவி வைத்த வெறும் பாட்டிலைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அது மறுபடி நிரப்பப்படும், அல்லது உருக்கப்பட்டு வேறு கண்ணாடியாகும். பசையும் வண்ணமும் சணலும் களிமண்ணும் ஏறிய பாட்டிலை அவர் தொடமாட்டார். தூசி படிந்து நமக்கே அலுத்துப்போன பிறகு அது ஏறுவது மாநகராட்சி வண்டியில், இறங்குவது குப்பை மேட்டில். மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய பொருளை, நல்ல எண்ணத்தோடும் கைத்திறனோடும் கெடுத்துவிடுகிறோம்.

ஒரு பழைய பொருளை வீட்டில் மறுபடி பயன்படுத்தினோம் என்று சொல்வதற்கு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இதை எடுத்துப்போய் ஒழுங்காக உருமாற்ற வெளியே ஆள் இருக்கிறாரா என்பது முதல் கேள்வி. இருந்தால் அவரிடம் கொடுப்பதே மேல். இது கையில் இல்லாவிட்டால் இதே வேலைக்குக் காசு கொடுத்துப் புதிதாக ஒன்றை வாங்கியிருப்போமா என்பது இரண்டாவது. வாங்கியிருப்போம் என்றால் ஒரு புதுப்பொருளைத் தயாரிக்கும் செலவு உலகுக்கு மிச்சம். வாங்கியிருக்க மாட்டோம் என்றால் குப்பைக்கு ஒரு தவணை கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். அலங்காரப் பொருள்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இரண்டாவது கேள்வியில். ஒரு வீட்டுக்கு எத்தனை பூச்சாடி வேண்டும், எத்தனை பேனா ஸ்டாண்டு வேண்டும்? நாலாவது பாட்டிலோடு தேவை தீர்ந்துவிடுகிறது. பாட்டில் வருவது தீரவில்லை. பழைய பொருள்களை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் இடம் இன்றைய வீட்டில் ஒன்றுதான் உண்டு: காய்கறித் தோட்டம். தொட்டி, உரம், கயிறு, பந்தல், நிழல், மூடாக்கு என்று அதற்கு ஆண்டு முழுவதும் ஏதாவது வேண்டியிருக்கிறது. தோட்டம் இல்லாத வீட்டில் மறுபயன்பாடு பொழுதுபோக்காக நின்றுவிடும். தோட்டம் வந்தபின் அது வீட்டு வேலையாகிவிடும்.

இரண்டு தலைமுறைக்கு முன் இருந்த வீடுகள் இதற்குச் சாட்சி. அந்த வீடுகளில் குப்பை குறைவு என்பதற்குச் சிக்கனத்தை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். சிக்கனத்துக்குப் பங்கு உண்டு; வறுமைக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு. பிளாஸ்டிக் வராத காலம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் முக்கியமான காரணம் கொல்லைப்புறம். அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்ப் பானைக்குப் போயின, அங்கிருந்து மாட்டுக்கு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போனது. மிஞ்சிய சாம்பலும் சாணமும் சருகும் குப்பைக் குழிக்குப் போய், கோடையில் எருவாக வண்டியேறி வயலுக்குப் போயின. குளித்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. கிழிந்த சேலை முதலில் குழந்தைக்குத் தூளியாகி, பிறகு கரித்துணியாகி, கடைசியில் திரியாக முடிந்தது. ஒவ்வொரு மிச்சத்துக்கும் அதைக் கேட்கிற ஓர் இடம் பத்தடி தூரத்தில் இருந்தது. அடுக்குமாடி வந்தபோது மனிதர்கள் ஊதாரிகளாகிவிடவில்லை. மாடும் குழியும் வாழையும் ஒரே நாளில் போய்விட, மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாடித் தோட்டம் அந்தக் கொல்லையின் ஒரு சிறு துண்டைத் திருப்பித் தருகிறது. பால்கனியானால் அதைவிடச் சிறு துண்டு.

முதலில் கடைக்காரருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிடலாம். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, அலுமினியம், கழுவிக் காயவைத்த பால் கவர், தண்ணீர் பாட்டில் ஆகிய எல்லாவற்றுக்கும் நம் ஊர்களில் ஓடுகிற சந்தை உண்டு. தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் நொறுக்கப்பட்டு, பாலியஸ்டர் இழையாகித் துணியாகவே திரும்பி வருகிறது. காலி பாட்டிலுக்கு விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரியில் 2022இல் தொடங்கிய டாஸ்மாக் திட்டம் உதாரணம்: விற்கும்போது பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்தைத் தருவது. காட்டிலும் புல்வெளியிலும் எறியப்பட்டு யானைக் காலைக் கிழித்த பொருள் கடைக்குத் திரும்ப அது போதுமானதாக இருந்தது. இப்படிப் போக வழியுள்ள தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, கயிறு கட்டிச் சுவரில் வரிசையாகத் தொங்கவிடும் 'செங்குத்துத் தோட்டம்' படத்துக்குத்தான் பொருத்தம். ஒரு லிட்டர் பாட்டிலில் பிடிக்கும் கைப்பிடி மண் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஒளி புகும் சுவர் வழியே பாசி படரும், வேர் வெந்துபோகும். செடியும் வாடி, பாட்டிலும் கெட்டு, இரண்டு கேள்வியிலும் ஒருசேரத் தோற்கிற அரிய கைவினை அது.

கடைக்காரர் கைவைக்காத பொருள்களின் பக்கம் வந்தால் கதை வேறு. தேங்காய்ச் சிரட்டை நாள் தவறாமல் சேரும், அதை எடைக்கு எடுப்பவர் நகரத்தில் அபூர்வம். மூன்று கண்களில் இளகிய ஒன்றைக் குத்தித் திறந்தால் வடிகால் தயார். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்குச் சிரட்டையைவிடப் பொருத்தமான கிண்ணம் கடையில் இல்லை. உரித்த நாரை ஊறவைத்துச் செடியின் அடியில் பரப்பினால் மூடாக்கு, வெயில் காலத்தில் நீர் ஊற்றும் தடவை குறையும். மீனும் பழமும் வரும் தெர்மாகோல் பெட்டி இடத்தை அடைக்கும், எடை இருக்காது. அதனால்தான் கடைக்காரருக்கு அது வேண்டாம். ஆனால் கீரைக்கு அரையடி ஆழம் போதும் என்பதால் அந்தப் பெட்டி கீரைப் பாத்திக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அமைகிறது. தளத்தின் சூட்டை வேருக்கு ஏறவிடாததும் அதன் குணம். வெயிலில் உதிரத் தொடங்கியதும் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் வெள்ளை மணிகள் மழைநீரோடு சாக்கடைக்குப் போகும். பழந்துணியில் பருத்தி ஒரு வேலைக்கு, செயற்கை இழை இன்னொரு வேலைக்கு. பருத்திச் சேலையைக் கிழித்த நாடா தக்காளித் தண்டை அறுக்காமல் கட்டும். அதையே திரியாக்கி ஒரு முனையைத் தண்ணீர் வாளியிலும் மறு முனையைத் தொட்டி மண்ணிலும் புதைத்தால் நாலு நாள் ஊருக்குப் போய்வரலாம். நைலான் சேலை நீரை உறிஞ்சாது, ஆனால் சீக்கிரம் மக்காது; அது நிழல்வலைக்கும் பாகல் பந்தலுக்கும். காட்டோர வயல்களில் பன்றியையும் மயிலையும் தடுக்கப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருப்பதைப் பேருந்தில் போகும்போதே பார்க்கலாம். அந்த விவசாயிக்கு யாரும் 'வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட்' வகுப்பு எடுக்கவில்லை.

இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் சமையலறைக் கழிவுக்கு முன் சின்னதுதான். இந்திய நகரங்களின் குப்பையில் ஏறக்குறையப் பாதி மக்கும் கழிவு. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே ஈரக் குப்பை, உலர் குப்பை, ஆபத்தான வீட்டுக் குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கச் சொல்லிவிட்டன. பிரிக்காமல் போடும்போது ஈரக் கழிவு இரண்டு விதத்தில் கெடுக்கிறது. கூட இருக்கும் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் நனைத்து, விலைபோகாதபடி ஆக்குகிறது. குப்பை மேட்டில் காற்றில்லாமல் அழுகி மீத்தேனை வெளியிடுகிறது. சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது. அதை ஒட்டிக் கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அதே ஆண்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்றது. வாழைக்காய்த் தோலும் கீரைத் தண்டும் அந்தக் கிடங்குக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. பக்கவாட்டில் துளையிட்ட பழைய வாளி, கழிவு, அதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ காய்ந்த இலை, அவ்வளவுதான் மூலதனம். காய்கறிக் கழிவில் தழைச்சத்தும் தண்ணீரும் அதிகம், காற்றுக்கு இடம் குறைவு. சருகில் கரிமம் அதிகம், காற்று புகும். கரிமமும் தழைச்சத்தும் 30க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி இருக்கும்போது நுண்ணுயிர்கள் நாற்றமின்றி வேலை செய்யும். நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள்: கிளறி இன்னும் கொஞ்சம் சருகோ தென்னை நார்க்கழிவோ போட்டால் அடங்கிவிடும். இறைச்சி, மீன், எண்ணெய் வழியும் மிச்சம் ஆகியவற்றை மட்டும் தவிர்க்க வேண்டும், எலி வரும். இரண்டு மூன்று மாதத்தில் எரு கருத்து உதிரியாக இருக்கும். வீட்டு வாளி பெரிய உரக்குவியல் அளவுக்குச் சூடாகாது என்பதால் தக்காளி, பூசணி விதைகள் அதில் சாகாமல் கிடந்து, கேட்காமலே முளைக்கும். விதைத்த செடியைவிட அவை நன்றாகக் காய்ப்பதும் உண்டு.

தோட்டம் என்ற பெயரில் போடுவதெல்லாம் உரமாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் தக்காளியின் அடி கறுத்து அழுகுவது நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். அது அமில மண்ணில்தான் ஓரளவு கரையும். நம் ஆழ்துளைக் கிணற்று நீரும் மண்ணும் பெரும்பாலும் காரத்தன்மை உடையவை. காயின் அடி அழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் மண்ணில் கால்சியம் இல்லாதது அல்ல. ஒரு நாள் வறண்டு மறு நாள் குளமாகும் தண்ணீர் முறையால் அது காய்க்குப் போய்ச்சேராததுதான். ஆகவே ஓட்டை உர வாளியில் போடுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம். தொட்டி அடியில் நாலு விரற்கடைக்கு ஓட்டாஞ்சில்லும் ஜல்லியும் நிரப்புவது இன்னொரு பழக்கம். பொடி மண்ணிலிருந்து பருக்கைக் கல்லுக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலே இருக்கும் மண் முழுக்க ஊறிய பிறகுதான் இறங்கும். வடிகால் அதனால் கூடுவதில்லை, வேருக்கு இடம் குறைவதுதான் மிச்சம். துளையை மூட ஒரே ஒரு ஓடு போதும்.

கடைக்காரர் வாங்கக் கூடியதாக இருந்தும் வீட்டில் நிறுத்திக்கொள்ளத் தகுந்தவை சில உண்டு. 20 லிட்டர் பெயிண்ட் வாளி எடைக்குப் போனால் சில ரூபாய். அதே அளவுத் தொட்டியைப் புதிதாக வாங்க அதைப்போலப் பல மடங்கு ஆகும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்த ஆழம் வேண்டும். இங்கே இரண்டாவது கேள்வி முதலாவதை வென்றுவிடுகிறது. ஆனால் உண்ணும் பொருள் விளையும் இடம் என்பதால் மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்கிறது: இதற்கு முன் இதில் என்ன இருந்தது? அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருக்கும் வாளி அடர்த்தி மிகுந்த பாலி எத்திலீன் அல்லது பாலி புரொப்பிலீன். தண்ணீரில் கரையும் எமல்ஷன் இருந்திருந்தால் நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். பூச்சிமருந்து டப்பா எந்தக் காலத்திலும் கூடாது. டயர் வேண்டாம், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் துத்தநாகமும் எண்ணெய்ப் பொருள்களும் மெல்ல மண்ணில் இறங்கக்கூடியவை. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைப் பாத்திக்கு அணையாக வைப்பதும் வேண்டாம். பலருக்குத் தோன்றாத ஆபத்து பழைய ஜன்னல் சட்டத்திலும் கதவுப் பலகையிலும் இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் செதில் செதிலாக உதிர்ந்து கீரைப் பாத்தியில் விழுந்தால், தரையை ஒட்டி வளரும் கீரையோடு அது தட்டுக்கே வரும். இடித்த வீட்டு மரத்தைச் செடிக்குப் பெட்டியாக்குவது அழகான யோசனைதான். ரோஜாவுக்கோ மல்லிகைக்கோ வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு பாடுபட்டு விளைவது எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சொல்கிறது. நாலு பேர் வீட்டுக்கு அது ஆண்டுக்கு 580 கிலோவைத் தாண்டும். எந்த மாடியும் இதைத் தராது, தரும் என்று சொல்பவர் ஏதோ விற்க வந்திருக்கிறார். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் பை, நார்க்கழிவுக் கட்டி, விதை எல்லாம் அடங்கிய பொட்டலம் கொடுத்தபோது ஆர்வம் பெருகியது; ஆனால் எல்லாவற்றையும் முழு விலைக்குப் புதிதாக வாங்கிப் போட்டால் ஒரு கிலோ தக்காளியின் அடக்கவிலை சந்தை விலையைப் பார்த்துச் சிரிக்கும். பழைய பொருள் தோட்டத்துக்கு வேண்டியிருப்பது இதனால்தான். குப்பைக்குத் தோட்டம் எவ்வளவு தேவையோ அவ்வளவு தோட்டத்துக்கும் குப்பை தேவை. தொட்டியும் எருவும் ஓசியில் வராவிட்டால் கணக்கு கட்டுப்படியாகாது. எதைப் பயிரிடுவது என்பதிலும் கணக்கு மாறும். வெங்காயமும் உருளையும் மாடியில் வீண். முளைக்கீரையும் சிறுகீரையும் 25, 30 நாளில் பறிக்கலாம். பொன்னாங்கண்ணியும் புதினாவும் கடையில் வாங்கிய கட்டின் தண்டை நட்டாலே வரும். கறிவேப்பிலை ஒரு மரம் வைத்தால் வீட்டுத் தேவை தீர்ந்தது. மணத்தக்காளி தானே முளைக்கும். சீக்கிரம் வாடுகிற, நிறைய வாங்கிப் பாதியைக் கொட்டுகிற பொருள்களும் இவைதான். கட்டுக் கொத்தமல்லி வாங்கி மூன்றாம் நாள் அழுகலைத் தூக்கிப் போடும் வீட்டில், வேண்டும்போது நாலு தழை கிள்ளிக்கொள்வது செலவையும் குப்பையையும் ஒரே நேரத்தில் குறைக்கிறது. வெயில் கணக்கும் பார்க்க வேண்டும்: கீரைக்கு நாலு மணி நேரம் போதும், காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனியில் வெண்டை போட்டுவிட்டு விதையைத் திட்டிப் பயனில்லை.

தளம் தாங்குமா, கொசு வருமா என்ற அச்சங்களை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமை என்று இந்தியத் தரநிர்ணயம் எடுத்துக்கொள்கிறது. ஓரடி உயரத்துக்கு நனைந்த தோட்ட மண்ணே 500 கிலோவைத் தாண்டிவிடும். தளத்தின் நடுவில் பாத்தி கட்டி மண் கொட்டுவது ஆகவே ஆகாது. மண்ணைக் குறைத்து எருவும் கழுவிய நார்க்கழிவும் கூட்டிக் கலந்து, தொட்டிகளைச் சுவரோரமாகவும் உத்தரம் ஓடும் இடத்திலும் செங்கல் மேல் தூக்கி வைத்தால் பாரமும் பரவும், அடியில் ஈரம் தங்காமல் தளமும் காயும். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். 'பிறகு பயன்படும்' என்று மூலையில் அடுக்கிய சிரட்டையும் இளநீர்க் கூடும் டப்பாவும்தான் அதற்கு வீடு. செடி வைத்த சிரட்டையில் கொசு வளராது, வைக்கப்போகிற சிரட்டையில் வளரும். பயன்பாட்டுக்கும் பதுக்கலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொசு நம்மைவிடச் சரியாக அறிந்து வைத்திருக்கிறது. காய்ந்த பாத்திரச் சுவரில் அதன் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும் என்பதால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு மாதமாகியும் வேலை கிடைக்காத பொருளை மாடியில் வைத்திருக்கக் காரணமில்லை.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பத்திரிகைகள் அதிகம் பேசுவதில்லை. இந்த வேலையெல்லாம் யார் தலையில்? குப்பை பிரிப்பது, கவர் கழுவுவது, வாளி கிளறுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று 'நிலைத்த வாழ்க்கை'யின் பட்டியல் நீள நீள, அது வீட்டுப் பெண்ணின் சம்பளமில்லாத வேலைப் பட்டியலோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பழைய கொல்லைப்புறத்தின் சிக்கனமும் பெண்களின் முதுகில் நின்றதுதான். கழுநீர்ப் பானையைத் தூக்கியது வீட்டுப் பெரியவர் இல்லை. இதற்கு முழுமையான விடை கிடையாது. ஆனால் மேலே சொன்ன கேள்விகள் வேலையைக் குறைக்க உதவும். மணிக்கணக்கில் செய்யும் அலங்காரத்தைக் குப்பைக் குறைப்பு என்ற கடமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பிடித்தவர் பிடித்த நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்துகொள்ளட்டும். பொழுதுபோக்குக்கு வேறு நியாயம் தேவையில்லை, பிள்ளைகளின் விரல் பழகுவதும் நல்லதுதான். கடமையாக மிஞ்சுவது மூன்று: விலைபோவதைக் காயவைத்துக் கடைக்கு அனுப்புவது, ஈரக் கழிவையும் சருகையும் வாளியில் போட்டு மூடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. முதலாவது மாதம் ஒரு முறை, வண்டி வைத்திருப்பவர் வேலை. இரண்டாவது சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கும் நேரம்தான், காய் நறுக்கியவரே அதையும் செய்ய வேண்டும் என்று ஏதும் இல்லை. மூன்றாவதுக்குக் காலையில் மாடியில் நடக்கப் போகிறவர் ஒரு குவளையையும் கையில் எடுத்துப் போனால் போதும். சனி, ஞாயிறில் வாளியைக் கிளறுவதும் கவிழ்த்த பாத்திரங்களைத் தேய்ப்பதும் பத்தாம் வகுப்புப் பிள்ளையால் முடியாத வேலை இல்லை, தேர்வு மாதம் நீங்கலாக.